முதல் நாளே மேடை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும் நேரம் இது. கட் ஆஃப் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, எந்தப் பிரிவுக்கு வேலை கிடைக்கும் என்றெல்லாம் பத்திரிகைகளில் நிறைய வருகிறது, அது தேவையும்கூட. ஆனால் சீட் கிடைத்து உள்ளே போன பிள்ளைக்கு, அதிலும் நாலு பேர் முன்னால் நின்றால் குரலே எழும்பாத பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று அதிகம் பேசுவதில்லை. நான் மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவி. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவள். கூச்ச சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, இன்னும் போய்விடவில்லை.

எல்லோரையும் அரங்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வது பல கல்லூரிகளில் வழக்கமாக இருக்கிறது. கூச்சத்தைப் போக்கத்தான் இப்படிச் செய்கிறோம் என்பார்கள். போகாது ஐயா. எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் பெயரைச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டான், பின்வரிசையில் சிரித்தார்கள், அப்புறம் அந்த செமஸ்டர் முழுக்க அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை. பிளஸ் டூ கணக்கில் எங்களில் பலரை விட அதிக மதிப்பெண் வாங்கியவன் அவன். பேசாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் முடிவு கட்டியதோடு போகாமல், அவனே அதை நம்பவும் தொடங்கிவிட்டான். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

இத்தனைக்கும் முதல் வாரங்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. முதலாமாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி, அதில் உடற்பயிற்சி, ஓவியம், இசை மாதிரி ஏதாவது ஒரு கலை, பக்கத்து ஊர்களைப் போய்ப் பார்ப்பது, கூடவே சுமார் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசுவது. படித்துப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களை நினைத்தே எழுதியது போல இருக்கும். நடப்பது என்னவென்றால், அரங்கத்தில் சிறப்பு விருந்தினர் பேசுவார், அடுத்த நாள் இன்னொருவர் பேசுவார், ஒரு வாரத்துக்குள் கால அட்டவணை கைக்கு வந்துவிடும். மென்டர், அதாவது வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் பெயர் இருக்கும், வருகைப் பதிவு குறைந்தால்தான் அவர் கூப்பிடுவார். எல்லாக் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காக நடத்தும் இடங்களில் படிக்கும் தோழிகள் எனக்கு உண்டு, அவர்கள் சொல்லக் கேட்டால் ஏக்கமாக இருக்கும்.

சின்னக் குழு ஏன் முக்கியம் என்பதை லேபில் பார்க்கலாம். எனக்கு முதல் தோழி கிடைத்தது வேதியியல் லேபில்தான். பியூரெட்டில் அளவு பார்க்க ஒருத்தி, எழுத ஒருத்தி, நிறம் மாறியதா இல்லையா என்று இரண்டு பேருக்கும் சந்தேகம், அதிலேயே பேச்சு வந்துவிட்டது. யாரும் எங்களைப் பேசச் சொல்லவில்லை. கூச்சமுள்ளவர்களுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் போதும், பார்வை அந்த வேலை மேல் இருப்பதால் வாய் தானாகத் திறக்கும். பைத்தான் லேபில் பக்கத்துக் கணினிக்காரரிடம் எரர் காட்டிக் கேட்பதும் அப்படித்தான். இதை முதல் வாரத்திலேயே செய்தால் என்ன?

கூச்சம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் மதிப்பெண் போகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண் உள்மதிப்பீடு, அதாவது கல்லூரியிலேயே போடுவது. செமினார் கொடுக்கும் அன்று லீவு போடுகிறவர்களை, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தலை குனிந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும். ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, சந்தேகத்தைத் தமிழில் கேட்க விடுங்கள், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், செமினாரை முதலில் நாலைந்து பேர் முன்னால் வைத்துப் பழக்குங்கள்.

சீனியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராகிங்கைத் தடுக்க தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, அது கட்டாயம் வேண்டும், அதில் துளிகூடத் தளர்வு கூடாது. ஆனால் சில இடங்களில் சீனியர் ஜூனியரிடம் பேசவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், உதவித்தொகை விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, சனிக்கிழமை மெஸ் எத்தனை மணிக்கு மூடும், இதையெல்லாம் அலுவலகத்தில் போய்க் கேட்கும் தைரியம் கூச்சமுள்ள பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அம்மா அப்பாவிடமும் கேட்க முடியாது. ஆசிரியர் கூடவே இருக்க, குழுவுக்கு இரண்டு சீனியர்களைச் சேர்த்துவிட்டால் இதற்கு வழி பிறக்கும்.

இந்த வருடம் சேரும் தம்பி தங்கைகளுக்கு: வகுப்பில் கேட்க முடியாததை வகுப்பு முடிந்து ஆசிரியர் வெளியே போகும்போது கேளுங்கள், பெரும்பாலும் நின்று சொல்லித் தருவார்கள். ஏதாவது ஒரு மன்றத்தில் சேருங்கள், மேடை வேண்டாம், போஸ்டர் ஒட்டும் வேலை, நாற்காலி போடும் வேலை போதும். முதல் இரண்டு மாதம் வாராவாரம் ஊருக்கு ஓடிவிடாதீர்கள், ஹாஸ்டலில் சனி ஞாயிறுதான் ஆட்கள் பழகுவார்கள். கூச்சத்தைத் தாண்டி தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வந்துகொண்டே இருக்கிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

7.5 சதவீதத்தில் வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அவ்வளவு செய்து உட்கார வைத்த பிள்ளை முதல் மாதத்திலேயே ஒதுங்கிப் போனால் அது யாருக்கு நஷ்டம்? அடுத்த ஆண்டு நீங்கள் கல்லூரி வழிகாட்டி வெளியிடும்போது, அந்த மூன்று வாரத்தை எப்படி நடத்துகிறீர்கள், ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்கள் என்று கல்லூரிகளிடம் கேட்டு, வரும் பதிலைக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு பொறியியல் மாணவி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்