எங்கள் வீட்டுச் சட்டியையும் கணக்கில் எடுங்கள்

கலோரி கணக்குச் செயலிகளை உருவாக்குபவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்து ஏழு மாதமாகிறது. ஒரு நாளைக்கு இத்தனை கலோரிக்குள் சாப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் எழுதித் தந்தார்கள், அன்று பின்னேரமே உங்கள் செயலிகளில் ஒன்றைப் போனில் இறக்கினேன். அம்மா சாப்பிடுவது எல்லாவற்றையும் அன்றிலிருந்து நான்தான் அதில் பதிகிறேன். கடை பிஸ்கட் என்றால் பைக்கற்றைக் காட்டினால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் பைக்கற்றில் வருவது குறைவு.

புட்டை எடுங்கள். தேடினால் 'ஒரு கப்' என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு. எந்தக் கப், எவ்வளவு தேங்காய்ப்பூ, ஒன்றும் இல்லை. கடைசியில் தராசு வாங்கி நானே நிறுத்தேன். அரிசி மா 500 கிராம், அது ஏறக்குறைய 1800 கலோரி. தேங்காய்ப்பூ 200 கிராம், அது 700. அவித்து இறக்கினால் தண்ணீரும் சேர்ந்து 1050 கிராம் புட்டு. அப்படியென்றால் 100 கிராமுக்கு 240 கலோரி அளவில் வருகிறது, அம்மாவின் தட்டில் எத்தனை கிராம் என்று பார்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் உங்கள் செயலி என்னிடம் கேட்பது 'எத்தனை பேருக்கு' என்று மட்டும்தான். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் யார் சமமாகப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள்? அதனால் அந்த இடத்தில் 1050 என்று போட்டு, ஒரு பங்கை ஒரு கிராமாக்கி, அம்மா 180 கிராம் சாப்பிட்டால் 180 பங்கு என்று பதிகிறேன். சமைத்த பிறகு உள்ள மொத்த நிறையை எழுத ஒரு கட்டம் வைத்தால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. சில செயலிகளில் அது இருக்கிறது, நான் பாவிப்பதில் இல்லை. கூடவே வெறும் சட்டிகளின் நிறையைச் சேமித்து வைக்கவும் ஓர் இடம் தாருங்கள். குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றி நிறுக்க யாருக்கும் நேரமில்லை, சட்டியோடு நிறுத்துக் கழிப்பதுதான் நடக்கும்.

அரிசியா சோறா என்பதையும் தெளிவாகப் போடுங்கள். 100 கிராம் அரிசி ஏறக்குறைய 360 கலோரி, அதே 100 கிராம் சோறு 130. முதல் வாரம் அம்மாவின் 200 கிராம் சோற்றை நான் அரிசிக் கணக்கில் பதிந்துவிட்டேன், 260 வரவேண்டிய இடத்தில் 720 வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் பாதி வயிற்றோடு படுத்தார். அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. பருப்பிலும் இதே சிக்கல்தான்.

தேங்காய்ப்பால் இன்னும் கஷ்டம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் டின்னில் வரும் பால். நாங்கள் சொதிக்கு விடுவது கையால் பிழிந்த பால், முதற்பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் கொழுப்பில் பெரிய வித்தியாசம். பிழிந்த சக்கையிலும் கொழுப்பு மிஞ்சும், அதனால் முழுத் தேங்காயையும் கணக்கில் சேர்த்தால் கூடிவிடும், டின் பாலைப் போட்டால் அது வேறு விதமாகப் பிழைக்கும். இதை வீட்டுத் தராசால் தீர்க்க முடியாது. முதற்பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாக ஆய்வுகூடத்தில் அளந்து போடுங்கள், தயவுசெய்து.

எண்ணெய்க்கு ஒரு வழி இருக்கிறது. கத்தரிக்காய் பொரிக்க முன்னும் பின்னும் எண்ணெயை நிறுக்கிறேன், குறைந்ததை மட்டும் சேர்க்கிறேன். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, மாச்சத்து 4தான், ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தவறினாலே 120 கலோரி போய்விடும். பொரியல் பதியும்போது 'மிஞ்சிய எண்ணெய் எவ்வளவு' என்று செயலியே கேட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

அப்புறம், யாரோ போட்டதையும் அளந்து உறுதிசெய்ததையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுகளுக்கு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள், நம்புவதா விடுவதா என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஏழு மாதமாக நிறுத்த கணக்கெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கிறது. புட்டு, இடியப்பம், பாரைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. கேட்டால் முழுவதையும் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியில் இருந்து ஒரு மகள்