காணாக்கடியும் அரை மில்லி மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஒன்பது வருடம் அவசரப் பிரிவில். எங்கள் பேச்சில் ‘கேஷுவால்ட்டி’. விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி பற்றியெல்லாம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதுகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய் ஓடி வருகிறவர்களைப் பற்றியும் ஒரு நாள் எழுதுங்களேன். அப்படி ஒருவராவது வராத வாரம் எனக்கு நினைவில்லை.

டாக்டர்கள் அர்ட்டிகேரியா என்பார்கள். ஊரில் காணாக்கடி. கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து வைத்த பெயர். எங்களிடம் வருவதற்குள் பலருக்கு வீட்டில் வேப்பிலை அடித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்து, கம்பளியால் தேய்த்தும் முடித்திருப்பார்கள். தேய்த்தால் தடிப்பு இன்னும்தான் கிளம்பும். மிளகால் கெடுதல் இல்லை, நேரம் போவதைத் தவிர.

ஒரு வைகாசி மாதம். விடிந்தால் முகூர்த்தம், மாப்பிள்ளையையே ஆட்டோவில் கூட்டி வந்துவிட்டார்கள். நலங்கு மஞ்சள் கன்னத்தில் அப்படியே இருக்கிறது. முதுகு, வயிறு, தொடை எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவந்திருந்தது. கல்யாண அலைச்சலில் உடம்பு வலி என்று சாயந்திரம் ஒரு வலி மாத்திரை போட்டிருக்கிறார். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், விடியறதுக்குள்ள மறைஞ்சிடுமா? பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?” என்கிறார். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் சரியாக இருந்தன. குரலும் தெளிவு. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்று கொடுத்து, இரண்டு மணி நேரம் கண் பார்வையில் உட்கார வைத்து, அந்த வலி மாத்திரையை இனிமேல் தொடாதே என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். நாங்கள் செய்தது வழக்கமான வேலை: ஒரு அவில் ஊசி, ஒரு டெக்ஸா ஊசி. தடிப்பு இறங்கியது. ஆனால் மாப்பிள்ளை மணவறையில் தூங்கி வழிந்தாராம். பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தபோது அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவில் பழைய வகை அலர்ஜி மருந்து. மூளை வரை போய்த் தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். பைக்கில் வந்தவர் ஊசி போட்டுக்கொண்டு அதே பைக்கில் திரும்பிப் போவதை எத்தனை முறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் அடுத்த தலைமுறை. அரிப்பை அடக்கும், தூக்கம் குறைவு. அமெரிக்காவில் 2019-இல் செட்ரிசினையே நரம்பில் போடும் ஊசியாக அனுமதித்துவிட்டார்கள், இதே காணாக்கடிக்காக. ஆனால் நம் ஊரில் மாத்திரையை நீட்டினால், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று முகம் சுண்டிப்போகிறது. அந்த முகத்துக்காகவே பாதி ஊசிகள் போடப்படுகின்றன என்பது என் கணிப்பு.

டெக்ஸா போன்ற ஸ்டீராய்டு சங்கதியும் அப்படித்தான். பிரான்சில் அவசரப் பிரிவுக்குக் காணாக்கடியோடு வந்த 100 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு லெவோசெட்ரிசின் மட்டும், மீதிப் பேருக்கு அதோடு நான்கு நாள் ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு சேர்த்ததால் அரிப்பு சீக்கிரம் அடங்கவில்லை. 2018-இல் வெளியான ஆய்வு இது. எங்கள் பழைய டாக்டர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “நாம எத்தனை ஆம்பூல் உடைச்சிருப்போம் சிஸ்டர்” என்று கேட்டிருந்தார். தடிப்பு கடுமையாக இருந்தால் சில நாள் ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்கிற டாக்டர்களும் உண்டு. அது அவர்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. வாசலில் வந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைத்தான் சொல்கிறேன்.

சரி, இதுவரை சொன்னது தேவைக்கு மேல் செய்வது. தேவையானதைச் செய்யாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போன இடத்தில் கதண்டு, அதாவது விஷக் குளவி, கொட்டி ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். தானே நடந்துதான் உள்ளே வந்தார். கழுத்திலும் கையிலும் பத்துப் பதினைந்து தடிப்பு, அவ்வளவுதான். அந்த மாப்பிள்ளையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. “வயித்தக் கலக்குது சிஸ்டர், வாந்தி வர மாதிரி இருக்கு” என்றார். குரல் கட்டிப்போயிருந்தது. பயத்தில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சி டாக்டர் அவிலும் எஃப்கார்லின் என்ற ஸ்டீராய்டும் எழுதினார். நானும் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். நாடி கையில் சிக்கவில்லை. ரத்த அழுத்தம் மேல் எண்ணே 70.

சத்தம் கேட்டு ஓடி வந்த சீனியர் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “அட்ரினலின் போட்டாச்சா?” போடவில்லை. அவசர டிரேயில், என் கைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அட்ரினலின் என்றால் இதயம் நின்ற பிறகு போடுவது என்றே அத்தனை வருடம் என் மனதில் பதிந்திருந்தது. தொடையின் வெளிப்புறத் தசையில் அரை மில்லி போட்டோம். காலை உயர்த்திப் படுக்க வைத்து சலைன் ஓடவிட்டோம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அரை மில்லி. கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, “என் மண்வெட்டிய எடுத்து வச்சாங்களா?” என்று கேட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அது வெறும் காணாக்கடி அல்ல, அனஃபிலாக்சிஸ்; உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி. தடிப்பு எத்தனை என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. குரல் கட்டுகிறதா, நாக்கு தடிக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, வாந்தி, தலைசுற்றல் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும். தடிப்போடு இதில் ஒன்று சேர்ந்தாலே 108-ஐ அழையுங்கள். தலைசுற்றுகிறவரை எழுப்பி நடக்க வைக்காதீர்கள், படுக்க வையுங்கள். மூச்சுத் திணறுகிறவர் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் அவிலோ டெக்ஸாவோ அட்ரினலின் வேலையைச் செய்யாது. தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து அதே ஆபத்து மறுபடி வரலாம்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. போன மழைக்காலத்தில் என் பேரனுக்குச் சளி காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடித்தது. ஒரு கிளினிக்கில் சாப்பாட்டு அலர்ஜி என்று சொல்லி முட்டை, மீன், கத்திரிக்காய், தக்காளி என்று பெரிய பட்டியல் கொடுத்துவிட்டார்கள். என் மகள் ஒரு வாரம் பிள்ளைக்குப் பருப்புச் சாதம் மட்டும் போட்டாள். குழந்தைகளுக்குத் திடீரென வரும் காணாக்கடிக்கு வைரஸ் காய்ச்சல்தான் அடிக்கடி காரணம். நான் அவன் தொடையில் ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டேன். மறுநாள் காலை வட்டத்துக்குள் வெறும் தோல். தடிப்பு முதுகுக்குப் போயிருந்தது. காணாக்கடி அப்படித்தான் இடம் மாறும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, வலித்து, கன்றிப்போனால் அது வேறு நோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். அவனுக்கு செட்ரிசின் சிரப்போடு ஐந்தாறு நாளில் போய்விட்டது. இப்போது முட்டை சாப்பிடுகிறான்.

கதண்டு கொட்டிய அந்த அம்மா வந்த இரவே அட்ரினலின் பெட்டியின் மூடியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, ‘பெரியவர்: தொடை, அரை மில்லி. குழந்தை: எடை பார்த்து’ என்று எழுதினேன். எழுத்து மங்க மங்கப் புது பிளாஸ்டர் மாற்றினேன், ஓய்வு பெறும் வரை. சுகாதாரத் துறை இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லா டிரேயிலும் ஒட்டினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.