நல்ல பேட்டரிக்கு ஏன் இத்தனை காலம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

இங்கிலாந்து,
டிசம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்வி என்னை விட்டு அகலவே இல்லை. உலகெங்கும் இத்தனை பேர் பேட்டரி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தும், வாரத்துக்கு ஒரு புதுக் கண்டுபிடிப்பு என்று செய்தி வந்துகொண்டிருந்தும், நம் கைக்கு வரும் பேட்டரி மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் பொழுதில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்தான் கழிகிறது. ஆகவே என் நாட்களைப் பற்றி எழுதினாலே அதற்கும் பதில் எழுதியதாகிவிடும்.

ஆய்வகத்துக்குப் போனதும் பெரும்பாலும் நான் நிற்குமிடம் கையுறைப் பெட்டியின் முன்னால்தான். கண்ணாடி முகப்புக் கொண்ட பெரிய உலோகப் பெட்டி அது. உள்ளே ஆர்கான் வாயு நிரம்பியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால், அதில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகள் வெளியே விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை எதிர்த்துத் தள்ளித்தான் கைகளை நுழைக்க வேண்டும். அந்தக் கையுறைகளோடு, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட நாணய வடிவக் கலத்தை இடுக்கியால் அடுக்குகிறேன். அடிக்கிண்ணம், அதன்மேல் நேர்மின்முனை பூசிய வட்டத் தகடு, மெல்லிய பிளாஸ்டிக் பிரிப்பான், அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சில துளி, எதிர்மின்முனை, ஒரு சிறிய சுருள்வில், மேலே மூடி. பிறகு அழுத்துகருவியில் வைத்து ஒரே அழுத்து. பிரிப்பான் இம்மி நகர்ந்தாலும் இரு முனைகளும் தொட்டுக்கொண்டு கலம் வீணாகிவிடும். ஈரத்துக்கு இவ்வளவு பயப்படக் காரணம், மின்பகுளியில் கரைந்திருக்கும் லித்தியம் உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை உண்டாக்கி, உள்ளே உள்ள எல்லாவற்றையும் அரித்துவிடும் என்பதுதான்.

இப்படி மூடிய கலத்துக்குள் முதல் முறை மின்னேற்றும்போதே ஒரு சேதம் நடந்துவிடுகிறது. அந்தச் சேதம் இல்லாவிட்டால் லித்தியம் அயனிப் பேட்டரியே இல்லை. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து புறப்பட்டு, எதிர்மின்முனையான கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே போய் அமர்கின்றன. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு. அந்த நிலையில் கிராபைட்டின் பரப்பைத் தொடும் மின்பகுளி தாங்காமல் சிதைகிறது. சிதைந்த பொருள்களும் கொஞ்சம் லித்தியமும் சேர்ந்து, நானோமீட்டர் கணக்கில் மட்டுமே தடிமன் கொண்ட ஒரு படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. ஆகவே மேற்கொண்டு சிதைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. புரொப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானில் நல்ல படலம் உருவாகாமல் கிராபைட் அடுக்கடுக்காக உரிந்துபோகும். ஒரே ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு அணுக்கூட்டம்) குறைந்த எத்திலீன் கார்பனேட்டிலோ படலம் உறுதியாக நிற்கும். கனடாவில் ஜெஃப் டான் குழுவினர் 1990இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு மெத்தில் தொகுதியை நம்பி ஒரு பெருந்தொழிலே நின்றிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நான் மேலே எழுதியதில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லில்தான், அப்பா, உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சிதைவு முழுதாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் ஒரு துளி லித்தியம் அந்தப் படலத்தில் சிக்கித் திரும்பாமல் போகிறது. ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அற்பமான இழப்பு. ஆனால் ஆயிரம் சுற்று முடியும்போது எஞ்சுவது 37 விழுக்காடுதான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று குறைத்தால் அதே ஆயிரம் சுற்றுக்குப் பிறகு 90 விழுக்காடு எஞ்சும். இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிய, உள்ளே போன மின்னூட்டத்தையும் வெளியே வந்ததையும் நான்கைந்து தசம இடங்கள் வரை துல்லியமாக அளக்க வேண்டும். அளக்கும் நேரமெல்லாம் வெப்பநிலை ஆடாமல் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தின் ஒரு முழு அறை, கலங்களைப் பெட்டிபெட்டியாக வைத்து, இரவும் பகலும் இதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை.

அப்படியானால் சூடாக்கி, வேகமாக முதுமையடையச் செய்து, விரைவில் முடிவைத் தெரிந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்கிறோம், ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்லும். வெப்பம் கூடினால் படலம் வேகமாக வளரும் என்பது சரி. இன்னொரு வகைக் கேடு குளிரில்தான் வரும்: சுழியத்துக்குக் கீழே அவசரமாக மின்னேற்றினால் லித்தியம் கிராபைட்டுக்குள் போக நேரமில்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகிறது. கலத்தைச் சூடாக்கி மட்டுமே சோதித்தால் அந்தக் கேடு கண்ணில் படாது. மேலும் சில கலங்கள் நெடுநாள் சீராகத் தேய்ந்துகொண்டே வந்து, பிறகு ஒரு கட்டத்தில் கொள்திறனில் திடீரென்று செங்குத்தாக விழுந்துவிடுகின்றன. ஆரம்ப மாதங்களின் வரைபடத்தைப் பார்த்து அந்த வீழ்ச்சியை முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம். பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று ஒரு பேட்டரிக்கு உறுதி கொடுக்க நினைப்பவர்கள் எதிர்கொள்ளும் இடர் இதுதான்.

செய்திகளில் வரும் அதிசயப் பேட்டரிகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல, முழுமையற்றவை என்றே சொல்வேன். நாணயக் கலத்தில் தேவைக்கு மேல் மின்பகுளி ஊற்றலாம். எதிர்மின்முனையில் தடித்த லித்தியத் தகட்டை வைத்தால், நாள்தோறும் இழக்கும் லித்தியத்துக்கு ஈடாக அது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே பொருளை, அளவாக மின்பகுளி ஊற்றிய பெரிய கலத்தில் போட்டால் சில வாரங்களிலேயே ஓய்ந்துவிடலாம். எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் யாராவது அழகான வரைபடம் ஒன்றைக் காட்டினால் முதலில் எழும் கேள்வி, மின்பகுளி எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதே. சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள்: எடைக்கு எடை கிராபைட்டைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும். ஆனால் ஏற்கும்போது மூன்று மடங்குக்கும் மேல் பருத்து, விடும்போது சுருங்குவதால், படலம் ஒவ்வொரு முறையும் வெடித்துப் புதிதாக வளர்ந்து லித்தியத்தைத் தின்கிறது. ஆகவே இன்று அதைக் கிராபைட்டோடு சிறிதளவு கலந்துதான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தேன். ஜான் குட்இனஃப் குழுவினர் 1980இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்முனைப் பொருளாகக் கண்டறிந்த வேதியியல் கூடத்தின் வெளிச்சுவரில் ஒரு நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். அதற்கு முன் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் சல்ஃபைடில் வழி காட்டியிருந்தார். பின்னர் ஜப்பானில் அகிரா யோஷினோ கார்பனை எதிர்மின்முனையாக வைத்துப் பாதுகாப்பான கலத்தை உருவாக்கினார். 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் பரிசு வந்தது 2019இல். அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃப்பின் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் அவருடன் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம் என்பதை உங்களுக்கு எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதே ஊரின் கிளாரண்டன் ஆய்வகத்தில், 1840 முதல் ஏறக்குறைய இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்கும் ஒரு மின்மணி இருக்கிறது. கந்தகம் பூசிய இரண்டு உலர்ந்த மின்கல அடுக்குகள் ஒரு சிறு குண்டை இருபுறமும் மாறி மாறி இழுக்கின்றன. உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. பிரித்துப் பார்த்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் பிரிக்கவும் இல்லை.

ஹைட்ரஜன்தான் எதிர்காலமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தின் தொடக்கமும் இந்தத் தீவோடு தொடர்புடையது. வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1842இல் வாயு மின்கலத்தை உருவாக்கினார். பின்னாளில் அவர் நீதிபதியானார். பிரான்சிஸ் பேக்கன் 1930களில் தொடங்கிய உழைப்பு 1959இல்தான் 5 கிலோவாட் தரும் கலமாகப் பலித்தது. அதன் வழிவந்த கலங்களே அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரமும், விண்வெளி வீரர்களுக்குக் குடிநீரும் தந்தன. இன்று வாகனங்களில் வைக்கும் கலங்கள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இயங்குகின்றன. கொள்கையளவில் 1.23 வோல்ட் தர வேண்டிய கலம், பளு ஏறும்போது 0.6, 0.7 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானை ஏற்கும் வினை, வினையூக்கியான பிளாட்டினத்தின் மேல்கூட அத்தனை மந்தம். அந்தப் பிளாட்டினத் துகள்களும், ஒவ்வொரு முறை கலத்தை நிறுத்தி இயக்கும்போதும் சிறிது சிறிதாகக் கரைந்து, தம்முள் ஒன்றுசேர்ந்து பருத்து, வினைக்கான பரப்பை இழக்கின்றன. இங்கும் அதே சிறு இழப்பின் கதைதான். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மீண்டும் மின்சாரமாக்கினால் பாதிக்கும் குறைவாகவே கைக்கு வரும். பேட்டரியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு திரும்பிவிடும். ஆகவே சிறு காருக்கு ஹைட்ரஜன் தேவையில்லை என்பது என் முடிவு. வாரக்கணக்கில் ஆற்றலைச் சேமிப்பதற்கும், எஃகு, உரம் போன்ற தொழில்களுக்கும் அதன் இடத்தை வேறெதுவும் எளிதில் பிடிக்க முடியாது.

இந்த மாதம் இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. சூரிய மின்சாரம் பெயரளவுக்குத்தான் கிடைக்கிறது. காற்று வீசினால் கடல் காற்றாலைகள் நிறையத் தருகின்றன, காற்று நின்றால் அதுவும் இல்லை. இந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அத்தகைய நிலையங்களின் கனத்த சுழலிகள், தம் சுழற்சியின் வேகத்தாலேயே, திடீர்க் குறைவு வரும்போது மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். அவை குறையக் குறைய வினாடிக்குள் ஓடிவந்து கைகொடுக்க வேறொன்று வேண்டும். 2019 ஆகஸ்ட் 9 அன்று, மின்னலைத் தொடர்ந்து உற்பத்தி குறைந்தபோது, 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் 48.8க்கு இறங்கி, சுமார் பத்து லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் தானாகவே துண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஒரு வினாடிக்குள் முழுத்திறனையும் தரும் பேட்டரிகளுக்கென்று தனிச் சேவை தொடங்கினார்கள். ஒரு வினாடிக்குள் கைகொடுக்கும் அதே கலம் தேய்ந்து ஓய்வதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த நீண்ட தேய்மானத்தை அளந்துகொண்டிருப்பதுதான் என் வேலை.

அம்மாவின் கைபேசி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரவு முழுவதும் நூறு விழுக்காட்டில் செருகி வைப்பதையும், வெயில் படும் இடத்தில் வைப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். நிறைந்த மின்னேற்றமும் சூடும் சேர்ந்துதான் கலத்தை விரைவில் கெடுக்கின்றன. எண்பதில் நிறுத்தும் வசதி அமைப்புகளுக்குள் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பின்பக்கம் உப்பத் தொடங்கினால் மட்டும் மின்னேற்றாமல் உடனே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்