அக்காவின் மூன்று நாள்கள்

வெள்ளவத்தை,
2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மாம்பழப் பெட்டி அதற்கு முதல் நாளே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டில் இரண்டு நசிந்து போயிருந்தன. மற்றப் பத்தையும் அரிசிப் பானைக்குள் வைத்துக் காவல் காக்கிறேன். பெயரில் கொழும்பை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் காய்க்கிறது கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்துக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டு கொழும்பில் காய்ந்துகொண்டிருக்கிறேன் நான்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விடாமல் போனதாக எழுதியிருக்கிறாய். முழங்காலுக்கு என்ன சொல்லிச் சமாளித்தாய்? வைத்தியர் நடக்கச் சொன்னார்தான். சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கே சொல்லும்படியான புதினம் அதிகம் இல்லை. மின்தூக்கி மறுபடியும் பழுது. ஐந்தாம் மாடிக்கு ஏறிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆகவே முதல் பக்கத்தில் எழுத்து நடுங்கினால் அது வயதால் அல்ல. தொலைபேசியில் குரல் பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். இன்றைக்கு என் குரலை நான் நம்பவில்லை.

‘அக்காவின் நாளுக்கு என்ன செய்யப் போகிறாய்’ என்று கேட்டிருந்தாய். எந்த நாளுக்கு என்று சொல்லவில்லையே! அவளுக்கு இப்போது மூன்று நாள்கள். பதிவுப் பத்திரத்தின்படி இன்று: 1952 ஆகஸ்ட் 30, அன்றும் சனிக்கிழமைதானாம். நட்சத்திரப்படி ஆவணி மூலம். இந்த ஆண்டு அது செவ்வாய்க்கிழமை வருகிறது. மூன்றாவது, மாசியில் வரும் திதி.

திதிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஐயருக்குத் தொலைபேசி எடுத்தால் போதும். எள், தண்ணீர், வாழைக்காய்க் கறி, காகத்துக்குப் படையல் என்று காரியங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். அழ வேண்டிய இடத்தைக்கூட ஐயர் மந்திரத்தால் காட்டிவிடுவார். இறந்த நாளுக்கு இத்தனை விதி வகுத்த நம் ஆட்கள், இறந்தவளின் பிறந்தநாளுக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அக்கா போய் ஒன்பது ஆண்டுகளாகின்றன. ஒவ்வொரு ஆவணியிலும் நான் தட்டுத் தடுமாறித்தான் எதையாவது செய்கிறேன்.

1971ஆம் ஆண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் நானும் இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்குக் களவாகத் தபாலட்டை போட்டோமே. முகவரி டொரிங்டன் சதுக்கம் என்பதை ‘டொரிங்டன் சதுரம்’ என்று நீதான் எழுதினாய். அப்படியிருந்தும் போய்ச் சேர்ந்தது. அக்காவின் பெயரை வானொலியில் வாசித்தபோது அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திருவலகையில் இருந்தபடியே ஒரு நிமிடம் கையை நிறுத்தினாள். பிறகு, ‘என் பெயரில் இன்னொருத்தியும் இருக்கிறாள் போல’ என்று சொல்லிவிட்டுத் துருவலைத் தொடர்ந்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், தங்கை பெயர் எல்லாம் வாசித்த பிறகும் அதே கதைதான். அந்த ஆண்டு தேதியும் மூலமும் ஒன்றாக வந்ததால், அம்மா தேதியைக் குறை சொல்லாமல் விட்டார்.

அம்மாவுக்கு ஆவணி மூலம் என்றால் பிட்டு. மதுரையில் வைகை பெருகிய காலத்தில், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்த நாள் அல்லவா? உதிர்ந்த பிட்டெல்லாம் அந்தக் கூலியாளுக்கு என்பதுதான் பேச்சு. அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். குழலிலிருந்து தள்ளும்போது முழுதாக விழுவது வீட்டாருக்கு, உடைந்து உதிர்வது அவளுக்கு. ‘இன்றைக்கு நான்தான் சிவன்’ என்பாள். பிறகு அது அன்றைக்கு மட்டும் என்று இல்லாமல், ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அதே மூலம்தான் கல்யாணப் பேச்சில் அவளைப் படுத்தியது. ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்று எவனோ எதுகைக்காகச் சொல்லிவைத்த ஒரு வரி, எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பெண்களை நிறுத்தி வைத்திருக்கிறது! மாமனாருக்கு ஆகாதாம். நல்ல இடம் என்று வந்தவர்கள் எல்லோரும் சாதகக் கொப்பியைப் பார்த்ததும் எங்கள் வீட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

பிறகு 1983 ஜூலைக் கலவரம். நீயும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில்தான் இருந்தாய், அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. வீட்டோடு சாதகக் கொப்பிகளும் எரிந்தன. லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கி, மாமா வீட்டுத் திண்ணையில் இருந்த நாள்களில், அப்பா அதைச் சொல்லி வருந்தினார். அக்கா, ‘எரிந்ததில் நான் கவலைப்படாத ஒரே பொருள் அதுதான் அப்பா’ என்றாள். அந்தத் திண்ணையில் அவருக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். அந்த ஆவணியில் அம்மா இரவல் மாவில் பிட்டு அவித்தார்.

தரகர் ஒருவர் இதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். கொப்பிதான் இல்லையே, பிறந்த நேரத்தைச் சற்றுத் தள்ளிப் புதிதாக எழுதிவிடலாம் என்றார். எந்தப் பக்கம் தள்ளுவது? முன்னால் தள்ளினால் கேட்டை, மூத்த மைத்துனருக்கு ஆகாது. பின்னால் தள்ளினால் பூராடம், ‘பூராடத்தாள் கழுத்தில் நூலாடாது.’ அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ‘இரண்டு பக்கமும் கிடங்கு. நான் நடுவிலேயே இருந்துகொள்கிறேன். நாளை மாற்றினால் பிட்டும் போய்விடும்’ என்று தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அத்தானுக்குச் சாதகம் என்றால் என்னவென்றே தெரியாது. நாங்கள் கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகு, அவள் வெள்ளவத்தையில் ஏறும் காலை ரயிலில் தெகிவளையில் ஏறி வருபவர் அவர். கொள்ளுப்பிட்டி வரைக்கும் கடலை ஒட்டித்தான் பாதை. அலை பெரிதாக இருக்கும் நாள்களில் உப்புத் தண்ணீர் யன்னலுக்குள் தெறிக்கும். யன்னலோரத்து இருக்கையை அக்காவுக்குக் கொடுப்பதா, அவள் நனையாமல் இருக்கத் தானே வைத்துக்கொள்வதா என்று இரண்டு ஆண்டுகள் யோசித்ததாக அத்தான் இன்னமும் சொல்வார். முப்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பதிவுத் திருமணம். மூலக்காரியின் மாமனார் தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார், அவள் கையால் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு. இதை நான் வேண்டுமென்றே எல்லோரிடமும் சொல்வதுண்டு.

அக்கா போன முதலாவது ஆகஸ்டில் அத்தான் பழக்கதோஷத்தில் ஒரு பட்டர் கேக் வாங்கி வந்துவிட்டார். மேசையில் வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெட்டவும் முடியவில்லை, தூக்கி வைக்கவும் முடியவில்லை. இரவு பத்து மணி வரைக்கும் இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்தோம். கடைசியில் எறும்புகள்தான் ஒரு முடிவு எடுத்தன.

போன ஆண்டு ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போனேன். பணத்தை வாங்கிக்கொண்ட பிள்ளை பேரேட்டைத் திறந்து, ‘திவசமா அம்மா?’ என்று கேட்டாள். இல்லை, பிறந்தநாள் என்றேன். ‘உங்களுடையதா?’ அக்காவுடையது என்றேன். ‘அக்கா வரவில்லையா?’ என்றாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பிள்ளை அதைச் சந்தோஷமாக உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பதினைந்து கிழவிகள் என்னைச் சுற்றி நின்று, கை தட்டி, வாழ்த்துப் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். அக்காவுக்கு, நீடூழி வாழ்க என்று. பல் இல்லாத ஒரு அம்மா என் வாயில் சீனியைப் போட்டு, ‘இதை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடு’ என்று இன்னும் கொஞ்சம் சீனியைக் கடதாசியில் மடித்துத் தந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டது பொய்யா என்று பல நாள் யோசித்தேன். நீ ஆசிரியையாக இருந்தவள், தீர்ப்புச் சொல். எனக்கென்றால், அவள் போன பிறகு அவளை வாழ்த்தியவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று தோன்றுகிறது. மற்ற எல்லோரும் ஆத்ம சாந்திக்குத்தான் வேண்டுகிறார்கள். அவள் உயிரோடு இருந்தபோதே சாந்தமாக இருந்தவள் இல்லை.

இன்று காலை அத்தான் வந்தார். கேக் இல்லை, ஒரு இறாத்தல் பாணும் பஞ்சாங்கமும் கொண்டுவந்தார். சாதகம் தெரியாத மனிதர், எழுபத்தெட்டு வயதில் பஞ்சாங்கம் படிக்கப் பழகியிருக்கிறார்! தேதியும் நட்சத்திரமும் பத்தொன்பது ஆண்டுக்கு ஒரு முறை சேருமாம், சில தடவை ஒரு நாள் முன்பின்னாகுமாம். 1971இல் சேர்ந்தது, 1990இல் சேர்ந்தது, 2009இல் சேர்ந்தது, அடுத்தது 2028 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2009இல் அவளுக்குத் தெரியாமலே அந்த நாள் போய்விட்டதே என்று அவருக்குப் பெரிய மனவருத்தம்.

செவ்வாய்க்கிழமைக்குச் சிவப்பரிசி மாவை வறுத்து வைத்துவிட்டேன். என் பிட்டு உனக்குத் தெரியும், எவ்வளவு கவனமாகத் தள்ளினாலும் பாதி உதிர்ந்துதான் விழும். உதிர்ந்ததை வழித்துத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது என் கைக்கு இன்னும் மறக்கவில்லை. இத்தனை நாளும் அந்தக் கிண்ணத்தை அத்தானுக்குத்தான் கொடுத்து வந்தேன். உன் மாம்பழம் அதற்குள் பழுத்துவிடும்.

2028 ஆகஸ்ட் 30 புதன்கிழமை. முழங்காலை இப்போதிருந்தே பார்த்துக்கொள். அன்றைக்கு நீ இங்கே வந்து நிற்க வேண்டும். வரும்போது பனங்கட்டி கொண்டு வா, இங்கே கிடைப்பது நன்றாக இல்லை.

அன்புடன்,
உன் ‘டொரிங்டன் சதுரம்’