கெடா தோட்டப்புறப் பள்ளிகளுக்கான கணினி, இணையத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் உள்ள நான்கு தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் அமைத்துத் தரும் திருப்பணி நிறைவுற்றது. பள்ளிக்கு 24 மடிக்கணினி, மின்னேற்ற அலமாரி ஒன்று, இரண்டு வகுப்பறைகளுக்கு வைஃபை, 36 மாதங்களுக்கு இணையக் கட்டணம் என்ற கணக்கில் எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. உட்கணக்காய்வாளர் கையொப்பமிட்ட வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இத்துடன் வருகிறது. பணம் ஏன் அந்தத் தாளில் உள்ளபடி பிரிக்கப்பட்டது, வேலை ஏன் அந்த வரிசையில் நடந்தது என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

நன்கொடை

பினாங்கில் கணினி வாங்கித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. பெட்டியின்மேல் பெயர் ஒட்டலாம், கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாம். மாதா மாதம் வரும் இணையக் கட்டணத்துக்கும் மூன்றாம் ஆண்டில் மாற்ற வேண்டிய பேட்டரிக்கும் அப்படி யாரும் தாமாக முன்வருவதில்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட, மாணவர்களுக்குக் கருவி தரும் செர்டிக் திட்டத்துக்கு அரசு தொடர்புடைய நிறுவனங்கள் 150 மில்லியன் ரிங்கிட் நன்கொடை தந்தன. 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்குக் கருவி என்பது இலக்கு. அவ்வளவு பெரிய கை நம்முடையதல்ல. சிறு சங்கங்கள் தரும் கருவிகள் பெரும்பாலும் பழுதாகி ஓய்வதில்லை. இணைப்புக்குப் பணம் கட்ட ஆள் இல்லாமல்தான் அலமாரிக்குள் போகின்றன.

ஆகவே வரிசையை மாற்றினோம். ஒரு பள்ளிக்கு 36 மாதக் கட்டணமும் உறுதியாகாமல் அந்தப் பள்ளிக்கு ஒரு கணினிகூட வாங்குவதில்லை என்பது செயலவைத் தீர்மானம். திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் இருப்பது நம் மக்களுக்குப் பழகிய முறை. அதையே எடுத்துக்கொண்டு மாத உபயம் 150 ரிங்கிட் என்று வைத்தோம். 36 மாதத்துக்கு 5,400. தைக்கும் ஆடிக்கும் போட்டி இருந்தது. பெற்றோர் திதி வரும் மாதத்தைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. விசேஷமில்லாத மாதங்கள் தேங்கியபோது அவற்றை மும்மூன்றாகச் சேர்த்து, 450 ரிங்கிட் கட்டாகக் கடைக்காரர்களிடம் கொண்டுபோனோம்.

கருவி உபயம் 1,000 ரிங்கிட். இதில் 800 மடிக்கணினிக்கு, 200 பராமரிப்பு நிதிக்கு. “நான் தரும் ஆயிரமும் கணினிக்கே போகட்டும்” என்றவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான்: உங்கள் கணினி மூன்றாம் ஆண்டிலும் ஓட வேண்டுமானால் அந்த இருநூறும் கணினிக்குத்தான் போகிறது. 24 கருவிக்கு 200 வீதம் ஒரு பள்ளியின் பராமரிப்பு நிதிக்கு இப்படிச் சேர்வது 4,800. பாதிக் கருவிகளுக்குப் புது பேட்டரி, காணாமல் போகும் சார்ஜர்கள், யூபிஎஸ் பேட்டரி எல்லாம் அதில் அடங்கும்.

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் உண்டியல் ஏந்தலாமே என்ற யோசனை வந்தது. பொது இடத்தில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டின் வீடு வீடாகவும் தெருவிலும் வசூலித்தல் சட்டப்படி உரிமம் வேண்டும். அது இல்லாமல் உண்டியல் தூக்குவது சங்கத்தின் பதிவுக்கே வினை. அதை விட்டுவிட்டு, தண்ணீர்ப் பந்தல் போடும் வியாபாரிகளைப் பூசம் முடிந்த மறுமாதம் பார்த்தோம். பூசத்துக்கு முன் போனால் அவர்கள் கையில் இருப்பது எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒன்றுக்கு வாக்களித்த பணமாக இருக்கும்.

வரிவிலக்கு பற்றி இன்னும் பலர் கேட்கிறார்கள். வருமான வரிச் சட்டம் பிரிவு 44(6)-இன்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பணத்தை மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நம் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை. எனவே நம் ரசீது வரிக்கு உதவாது என்று ரசீதிலேயே அச்சிட்டோம். நிறுவனங்களுக்கு வேறு வழி உண்டு: பிரிவு 34(6)(எச்)-இல் கல்வி, தகவல் தொழில்நுட்பம் சார்ந்த சமூகத் திட்டங்களுக்கான செலவைக் கழிக்கலாம். அதற்கு நிதியமைச்சின் ஒப்புதல் வேண்டும் என்பதால், கேட்கும் நிறுவனத்திடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசியில் ஸ்கேன் செய்து செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் வழியாக வந்த தொகைகளுக்கு எண் குறியீடு வைத்தோம். 3-14 என்றால் மூன்றாம் பள்ளி, பதினான்காம் மாதம். குறிப்பில் “நன்கொடை” என்று மட்டும் போட்டு அனுப்பினால் பொருளாளர் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

பழைய கணினிகள்

அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளை இலவசமாகத் தர நிறைய பேர் முன்வந்தார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பல அலுவலகங்கள் ஒரே நேரத்தில் பழையதை வெளியேற்றியதற்கு அதுவே காரணம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அதனால் எட்டாம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி சேமிப்பகம் என்ற மூன்றையும் வரம்பாக வைத்தோம். இதற்குக் கீழே இருந்தும் நல்ல நிலையில் இருந்த சிலவற்றில் லினக்ஸ் ஏற்றி ஆசிரியர் அறைக்குக் கொடுத்தோம். மற்றவற்றை வாங்கவே இல்லை. வாங்கிவிட்டால் கழிப்பது நம் செலவு. மின்கழிவு என்பது 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வகைப்படுத்தப்பட்ட கழிவு, குப்பைத்தொட்டியில் போட முடியாது. கணினியில் செருகி இணையம் பெறும் பழைய 3ஜி டோங்கிள்கள் ஒரு பை நிறைய வந்தன. 3ஜி சேவை 2021 இறுதியிலேயே நாடு முழுவதும் நின்றுவிட்டதால் அவை கழுத்தில் மாட்டிக்கொள்ளத்தான் ஆகும்.

குரோம்புக் தர விரும்புவோர் முதலில் அந்த மாடலின் தானியங்கிப் புதுப்பிப்பு எந்த ஆண்டு முடிகிறது என்று பார்க்க வேண்டும். மாடல் வெளிவந்த நாளிலிருந்து அந்தக் காலம் ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மலிவாகக் கிடைக்கும் மாடலுக்கு மீதி ஓராண்டுதான் இருக்கலாம். கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமாவில் மாணவர்களுக்குள்ள கணக்குகள் கூகுளோடு இணைந்தவை என்பதால் இதில் கவனம் அதிகம் தேவை.

தமிழ் எழுத எல்லாக் கருவியிலும் தமிழ்99 விசைப்பலகையை இயக்கி வைத்திருக்கிறோம். கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்ததால் இணையம் இல்லாத நாளிலும் அதைத் திறக்கலாம்.

இணைப்பு

ஒரு பள்ளிக்கு முன்னுள்ள சாலையில் கண்ணாடி இழை இணையக் கேபிள் இருந்தது. அங்கே வேலை எளிது. இரண்டு பள்ளிகள் 4ஜி-யை நம்பியவை. கைப்பேசியில் தெரியும் கோடுகளைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆர்எஸ்ஆர்பி எனப்படும் சிக்னல் வலிமை அளவைப் பார்க்க வேண்டும்: மைனஸ் 85 டிபிஎம் (டெசிபெல்-மில்லிவாட்) என்றால் தைரியமாக இறங்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே போனால் வகுப்பு நடத்த முடியாது. அளவெடுப்பதும் பள்ளி நேரத்தில், ஒருமுறை மழை பெய்து இலைகள் நனைந்த பிறகும் எடுக்க வேண்டும். வெயிலில் நன்றாக வந்த சிக்னல் ஈர ரப்பர் இலைகளுக்குப் பின்னால் தளர்ந்துவிடுகிறது.

ஆண்டெனாவைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, மோடத்தை அறைக்குள் வைத்து நடுவில் மெல்லிய கோஆக்சியல் கேபிள் போடுவதுதான் வழக்கமாகச் செய்யப்படும் வேலை. 1800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் 10 மீட்டருக்கு 4 முதல் 5 டெசிபெல் வரை விழுங்கும். அதாவது கம்பத்தில் பிடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு அறைக்கு வருமுன் போய்விடும். எனவே மோடமும் ஆண்டெனாவும் ஒன்றாக உள்ள வெளிப்புறக் கருவியை 9 மீட்டர் கம்பத்தின் உச்சியில் வைத்து, கேட்6 என்ற வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரவும் போகச் செய்தோம். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் கேபிள் வழியே வழிந்து நேராக இணைப்பிக்குள் இறங்கும்.

நான்காம் பள்ளி செம்பனை மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் உள்ளது. எந்த நிறுவனத்தின் சிக்னலும் வகுப்பறைவரை எட்டவில்லை. மலேசியாவில் 2023 ஜூலையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் மட்டுமே அங்கே வழி. அதன் கட்டணம் 150-க்குள் அடங்காததால் அந்தப் பள்ளிக்கு மட்டும் மாத உபயம் 250 ஆனது. 36 மாதத்துக்கு 9,000. அதன் தட்டு ஆண்டெனாவுக்கு அகலமான திறந்த வானம் வேண்டும். செம்பனை நின்ற இடத்திலேயே உயர்ந்துகொண்டிருக்கும் மரம். இன்றைக்கு மறைக்காத மட்டை மூன்றாண்டில் மறைக்கும். மரங்களிலிருந்து தள்ளி, திடலில் கம்பம் நட்டதற்குக் காரணம் இதுதான். நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்பதால் எழுத்துமூல அனுமதி பெற்று, அதன் நகல் பள்ளிக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது.

மின்சாரமும் இடியும்

இத்திருப்பணியில் அதிகக் கவனம் கேட்டது கணினியல்ல, மின்சாரம். 24 சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 45 வாட். மொத்தம் 1,080 வாட், 230 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூட வராது. ஒரு 13 ஆம்பியர் பிளக்கே போதும் என்று தோன்றும். ஆனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் 24 சார்ஜர்களும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்னோட்டம் துண்டிப்பானை விழச் செய்யும். அதோடு மண் இணைப்புள்ள சார்ஜர் ஒவ்வொன்றிலும் மிகச் சிறு கசிவு உண்டு. எல்லாம் சேர்ந்தால் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி (மின்கசிவு துண்டிப்பான்) காரணமில்லாமல் விழுவதுபோல விழும். பிறகு யாராவது அதைக் கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அலமாரியை எட்டு எட்டாக மூன்று தட்டுகளாகப் பிரித்து, நேரக்கருவி மூலம் ஒன்றன்பின் ஒன்றாக மின்னேற்றி, இரண்டு தனி இஎல்சிபி-களில் பிரித்துக் கொடுத்தோம்.

இடிக்குக் கம்பத்தின் அடியிலும் அறைக்குள்ளும் என்று கேட்6 கேபிளின் இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் உள்ளது. கம்பத்துக்கென்று தனியாக ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்து விட்டுவிடுவது பலர் செய்வது. அதைக் கட்டடத்தின் மண் இணைப்போடு சேர்க்காவிட்டால், அருகில் இடி விழும்போது இரண்டு மண்ணுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு கேபிள் வழியாக, கருவியைச் சுட்டுக்கொண்டுதான் கடக்கும். நான்கு பள்ளிகளிலும் தகுதிபெற்ற மின்பணியாளர் இரண்டையும் இணைத்துள்ளார். இருந்தும் நேரடி இடியைத் தடுக்க இவற்றால் ஆகாது. நீண்ட விடுமுறையில் அலமாரியின் பிளக்கையும் கேட்6 முனையையும் கழற்றிவைக்கும்படி சுவரில் தாள் ஒட்டப்பட்டுள்ளது. சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகும். காற்றுத் துளைகளுக்கு நுண்வலை ஒட்டியிருக்கிறோம், பருவத்துக்கு ஒருமுறை தூசு தட்டினால் போதும்.

ஒப்படைப்பும் நிலுவையும்

கருவிகள் அனைத்தும் பள்ளிச் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டன. அதனால் இனி அவற்றைக் கழிக்கவோ இடம் மாற்றவோ பள்ளிக்கே உரிமை. உபயகாரர் திரும்பக் கேட்க முடியாது. இணையக் கணக்குகளும் பராமரிப்பு நிதியும் நம் சங்கத்தின் பெயரில், இரு கையொப்பம் தேவைப்படும் தனி வங்கிக் கணக்கில் உள்ளன. பழுது வந்தால் தலைமையாசிரியர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்டால் 300 ரிங்கிட் வரை செயலாளரே அனுமதிக்கலாம். அதற்கு மேல் செயலவை.

கண்ணாடி இழை உள்ள முதல் பள்ளிக்கு அருகில் பொதுமக்களுக்கு இணைய வசதி தரும் அரசின் நாடி மையம் இயங்குவதால் அங்கே மாலை வகுப்பு தொடங்கவில்லை. மற்ற மூன்றிலும் வாரத்தில் இரு மாலை பெற்றோருக்கும் அறை திறந்திருக்கும். அரசாங்கப் படிவங்களை இணையத்தில் நிரப்ப வருபவர்களே அதிகம். அவர்களுக்கு அச்சுப்பொறி வேண்டும் என்ற கோரிக்கை வந்துள்ளது, மை செலவுக்கு உபயம் கிடைத்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்கலாம்.

நான்காம் ஆண்டுக்கான மாத உபயப் பட்டியல் இப்போதே திறக்கப்பட்டுள்ளது. தையும் ஆடியும் நிரம்பிவிட்டன. 4-37 முதல் 4-48 வரை, அதாவது ஸ்டார்லிங்க் பள்ளியின் மாதங்கள், பெரும்பாலும் காலியாக உள்ளன. ரசீது இன்னும் பெறாத உபயகாரர்கள் குறியீட்டு எண்ணைச் சொல்லிப் பொருளாளரிடம் வாங்கிக்கொள்ளவும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு,
பினாங்கு