ஜூன் 24 அன்று எல்லோருடைய பெயரையும் சொல்லுங்கள்

தமிழ்ப் பண்பலை வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும் ஒரு நேயரின் வணக்கம்.

1927 ஜூன் 24 அன்று சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928 ஜூன் 24 அன்று, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார். ஒருவர் செட்டிநாட்டுக்காரர், மற்றவருக்கு வீட்டுமொழி மலையாளம். இந்த இரண்டு பேரும் ஓர் அறையில் உட்கார்ந்து உருவாக்கிய பாட்டுகளைத்தான் கல்யாண வீட்டிலும் போடுகிறோம், மனசு சரியில்லாத ராத்திரியில் தனியாகவும் கேட்கிறோம். அந்த நாளை நீங்கள் மறக்காமல் கொண்டாடுவதற்கு முதலில் நன்றி.

ஆனால் போன ஜூன் 24 அன்று காலையில் நான் கேட்டது இன்னும் உறுத்துகிறது. ஒரு நிலையத்தில் 'கவியரசரும் மெல்லிசை மன்னரும் சேர்ந்து தந்த அமுதம்' என்று சொல்லி 'படகோட்டி' படப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். 1964-இல் வந்த அந்தப் படத்தின் பாடல்கள் எல்லாமே வாலி எழுதியவை. இசையும் விஸ்வநாதன் ஒருவருடையது அல்ல, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவருடையது. ஒரே வரி அறிவிப்பில் இரண்டு பேருடைய உழைப்பு காணாமல் போய்விட்டது. எழுதியதெல்லாம் கண்ணதாசன் என்று ஆக்கிவிட்டால் அது கண்ணதாசனுக்கும் பெருமை இல்லை. அவர் எழுதியதே மலையளவு இருக்கிறது.

டி.கே.ராமமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருச்சிக்காரர். வயலின் கலைஞர். இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இவர் வயலின் வாசித்தார், விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952-இல் சுப்பராமன் திடீரென்று காலமானபோது, அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்தது இந்த இருவரும்தான். அதே ஆண்டு 'பணம்' படத்தில் இரட்டையராகப் பெயர் போட்டுக்கொண்டார்கள். படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன். 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்குப் பிறகு பிரிந்தார்கள். 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் வந்தவை. அதாவது ஜூன் 24 அன்று நீங்கள் தேடி எடுத்துப் போடும் பாட்டுகளில் பாதிக்கு மேல் ராமமூர்த்திக்கும் சொந்தம். 2022 மே 15 அன்று அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தது. அன்று நான் திருப்பித் திருப்பிக் கேட்ட எந்த நிலையத்திலும் அவர் பெயர் ஒலிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, படம், பாடியவர், கவி, இசை என்று நான்கு கட்டம். வானொலியில் அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல எழுதுவார். அடுப்படியில் தாளிக்கிற சத்தத்தில் ஒரு பெயர் காதில் விழாமல் போனால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுவார், ஊகித்து எழுத மாட்டார். அதே பாட்டு மறுபடி வர மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருந்து நிரப்புவார். இசைக் கட்டத்தில் பக்கம் பக்கமாக 'வி-ரா' என்று இருக்கும். பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதருக்கு இத்தனை பெயர்களையும் சொல்லிக்கொடுத்தது வானொலிதான். இன்றைக்குக் கைப்பேசிச் செயலியில் பாடகர் பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது, கவிஞரைத் தேட வேண்டியிருக்கிறது. வாயால் பெயர் சொல்கிற இடம் உங்களுடையது ஒன்றுதான் மிச்சம்.

பெயர் தெரிந்து கேட்டால் பாட்டே வேறு மாதிரி கேட்கிறது என்பது என் அனுபவம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் நோயில் கிடக்கும் கணவன், தான் போய்விட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பதிலுக்குப் பாடுகிறாள். சுசீலாவின் குரல் கோபத்துக்கும் அழுகைக்கும் நடுவில் நிற்கிறது, அவள் சொல்லாமல் விட்டதை சிதார் வாங்கிச் சொல்கிறது. சின்னச் சின்னச் சொற்கள், வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. மெட்டுக்குள் சொல் உட்கார்ந்ததா, சொல்லைச் சுற்றி மெட்டு வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எழுதியவர் இவர், இசையமைத்தவர்கள் இவர்கள் என்று முன்னாலேயே ஒருவர் சொல்லிவிட்டால் புதிதாகக் கேட்கும் பிள்ளை அந்த வேலைப்பாட்டைக் கவனிக்கும்.

அப்புறம் இன்னொன்று. கவிஞர் 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் காலமானார், வயது 54. எம்.எஸ்.வி. 2015 ஜூலை 14 வரை இருந்தார். அப்படியானால் நண்பர் இல்லாத ஜூன் 24-ஐ அவர் 34 முறை கடந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த நாளைப் பற்றி நிகழ்ச்சி செய்யும்போது இதையும் ஒரு நிமிடம் நேயர்களிடம் சொல்லுங்களேன்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஜூன் 24 அன்று ஒரு நாளாவது ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று முழுதாகச் சொல்லுங்கள். 1952 முதல் 1965 வரையிலான இரட்டையர் படம் என்றால் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. வாலி எழுதியது என்றால் வாலி என்றே சொல்லுங்கள், எம்.எஸ்.வி.க்கு அதனால் எதுவும் குறையாது. கவிஞரை மட்டும் கொண்டாடும் மணி நேரத்தில் கே.வி.மகாதேவன் இசையில் அவர் எழுதிய 'திருவிளையாடல்' பாடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2027 ஜூன் 24 அன்று கவிஞருக்கு நூறு ஆண்டு நிறைகிறது. அடுத்த ஆண்டு அதே நாளில் மெல்லிசை மன்னருக்கு. நிலையத்தில் யாருக்காவது நேரம் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். அப்பாவின் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் நேயர்