டிவி மாட்டும் கூலியும் மலைவீட்டுச் சுவரும்

ஆசிரியருக்கு,

டிவியைச் சுவரில் மாட்ட எவ்வளவு ஆகும் என்று ஊட்டி, குன்னூர் பக்கம் யாரைக் கேட்டாலும் "எத்தனை இன்ச்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். என்ன சுவர் என்று கேட்பவர் அபூர்வம். மலையில் கூலியை ஏற்றுவதோ சுவர்தான். கீழே சமவெளியில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் போட்ட ரேட்டோடு ஏறி வருபவர், துளை போட்ட பிறகே "எக்ஸ்ட்ரா" என்று ஆரம்பிக்கிறார்.

டிரில் பிட் தள்ளும் தூளே சுவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தினால் மட்டும் சிவப்பாகக் கொட்டினால் செங்கல், கவலையில்லை. சாம்பல் தூள் வந்து, ஒன்றரை அங்குலத்துக்குள் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்றாக இருக்கும் சிமென்ட் கல். அழுத்தாமலே வெள்ளையாக உதிர்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு. பழைய பங்களாக்களில் அது ஓர் அங்குலம்கூட இருக்கும். இரண்டு அங்குல ஸ்க்ரூவில் பாதி அதற்கே போய்விடும். பழுப்பு மண் வந்தால் பிட் செங்கல்களுக்கு இடையிலுள்ள மண்சாந்து இணைப்பில் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே ஆங்கர் போல்ட்டை முடுக்க முடுக்க, அது விரிந்து சாந்தைப் பொடியாக்குமே தவிரப் பிடிக்காது. ஒன்றரை அங்குலம் மேலே தள்ளிச் செங்கல் நடுவில் துளைக்க வேண்டும்.

டிவியைத் தாங்கும் பிராக்கெட்டின் துளைகள் அப்படி ஒத்துவராவிட்டால், 18 மி.மீ. பிளைவுட் பலகையை நல்ல செங்கல்லாகப் பார்த்து ஆறு, எட்டு இடத்தில் பிடித்து, அதன்மேல் பிராக்கெட்டை நட்டு போல்ட்டால் இறுக்கலாம். இதற்குக் கேட்கும் கூடுதல் கூலி நியாயமானதே.

சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட் சில நூறு ரூபாயில் கிடைக்கும். இழுத்துத் திருப்பும் வகை ஆயிரத்தைத் தாண்டும்; அதோடு சுவரையும் சோதிக்கும். 20 கிலோ டிவியை 40 செ.மீ. வெளியே இழுத்தால், மேல், கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 20 செ.மீ. உள்ள தகட்டில், மேல் போல்ட்டைப் பிடுங்கும் விசை 40 கிலோவுக்குச் சமம். சுண்ணாம்புச் சுவருக்கு இது வேண்டவே வேண்டாம். கணப்புக்கு மேலே மாட்டுவதும் அப்படித்தான்: சூடு, கழுத்துவலி, உள்ளே புகைபோக்கி.

கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் சுவரையும், கோத்தகிரியில் வடகிழக்கு மழை வாங்கும் சுவரையும் தவிர்ப்பது நல்லது. ஈரத்தூள் துளைக்குள் களியாக ஒட்டிக்கொள்ளும்; ஊதிச் சுத்தம் செய்யாமல், ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை அடித்தால் வழுக்கிச் சுற்றும்.

வயரை மறைக்கக் காடி வெட்டச் சொன்னால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பூச்சின் மேலேயே கேசிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவது மலிவு. டிவியோடு வந்த பவர் வயரைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. டிவிக்குப் பின்னாலேயே எர்த்தோடு ஒரு சாக்கெட் வைத்துவிட வேண்டும்.

கம்பெனி இலவசமாக மாட்டித் தருவது என்பது பெரும்பாலும் உழைப்புக்கு மட்டும். பிராக்கெட், பலகை, வயரிங் மூன்றுக்கும் தனித்தனி விலை கேட்டு, சுவரின் படத்தையும் முன்பே அனுப்பிவிடலாம். துளை போட்டுவிட்டு "நிற்காது" என்று திரும்பினால் வந்துபோன கூலி எவ்வளவு என்பதையும் போனிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

– ஓர் எலக்ட்ரீஷியன், கோத்தகிரி